ஒரு ஜோடி பூட்ஸ், நாற்பது நாள்

ஜூன் 2, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுதுகிற மாதிரி ஒரு விஷயம் வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி சனிக்கிழமையோடு ரிட்டயர் ஆனார். முப்பத்து மூன்று வருஷம் பஸ் டெப்போவில் மெக்கானிக். நேற்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டில் உட்கார்ந்தார். இன்று காலை காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: "ஜான்சி, நானும் அல்போன்ஸும் ஜூலையில ஒரு ரவுண்டு போறோம். மேற்குக் கடற்கரையப் பிடிச்சு கோவா வரைக்கும். புல்லட்டுலதான். பன்னெண்டு நாளு." அல்போன்ஸ் அண்ணன் இவருடைய பழைய சிநேகிதர்.

"ஜூலையில அங்கிட்டெல்லாம் பேய் மழைல்ல பெய்யும்?"

"மழையப் பாக்கத்தான போறோம்."

மதுரையில் பிறந்து வளர்ந்த மனுஷன், மழையைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டர் போக ஆசைப்படுவதில் தப்பில்லை. நான் சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய இடது கணுக்காலில் ஒரு பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருமுக்கில் வண்டி சறுக்கி விழுந்ததில் கிடைத்தவை. அதனால் காலுக்கு ஒழுங்கான பூட்ஸ் வாங்கின பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எந்த பூட்ஸ் என்று சொல்லப்போவது நான். எலும்பு ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவளுக்கு அந்த உரிமை கூடவா இல்லை?

"ஆகட்டும், நீயே பாத்து வாங்கு" என்று உடனே தலையாட்டினார்.

நான் தடுக்கவில்லை. அதைத் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

இன்று ஆஸ்பத்திரியில் மூன்று கணுக்கால் முறிவு. மூன்றும் இருசக்கர வண்டி. மூன்று பேரும் ரப்பர் செருப்பு. ஒருத்தர் மேஜையில் படுத்துக்கொண்டே, "செருப்பு பிய்யவே இல்லக்கா, ரோட்டுலயே கெடக்கு, யாராச்சும் எடுத்துருப்பாய்ங்களா?" என்று கேட்டார். காலே கோணிக்கொண்டு கிடக்கிறது, கவலை செருப்பைப் பற்றி.

வண்டி சாயும்போது கால் அடியில் மாட்டிக்கொள்ளும். உடம்பு ஒரு பக்கம் போகும், பாதம் ஒரு பக்கம் திரும்பும். நடுவில் இருப்பது கணுக்கால்தான். ஆகவே பூட்ஸ் முதலில் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் ஏற வேண்டும். இரண்டு பக்கமும் கெட்டியான தடுப்பு வேண்டும். அடிப்பாகம் முறுக்கினால் திரும்பக் கூடாது. தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஊறின பாதம் பிரேக்கை உணராது. இவ்வளவும் இருந்து, அறுபது வயசுக்காரர் எட்டு மணி நேரம் போட்டுக்கொள்கிற மாதிரி வசதியாகவும் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பூட்ஸ் லேசில் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பைபாஸ் ரோட்டில் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் விற்கிற கடை. நடத்துகிறவர் பெயர் பெரோஸ். முப்பத்தைந்து வயது இருக்கும், அவரும் ஊர் ஊராக வண்டியில் சுற்றுகிறவராம். நான் கவரிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

"மேடம், எத்தனையோ பேரு வந்துருக்காங்க. எக்ஸ்ரேயோட யாரும் வந்ததில்ல" என்றார்.

"ஸ்க்ரூ எங்க இருக்குன்னு தெரியாம எப்படித் தம்பி பூட்ஸ் எடுப்பீங்க?"

என் வீட்டுக்காரர் பூட்ஸ் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதல் ஜோடியின் குதியையும் முனையையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினேன். இம்மியும் திரும்பவில்லை. நல்ல சாமான்தான். ஆனால் உள்ளே கணுக்காலுக்கு இருந்த கெட்டிக் கிண்ணம் சரியாக நாலாவது ஸ்க்ரூவில் போய் அழுத்தியது. அவர் முகம் சுளித்தார். வேண்டாம் என்றேன்.

பெரோஸ் ஒரு விஷயம் சொன்னார். பூட்ஸைக் காலையில் வந்து போட்டுப் பார்க்கக் கூடாதாம். சாயங்காலம்தான் பாதம் சற்று வீங்கியிருக்கும், வண்டி ஓட்டும்போதும் அப்படித்தான் இருக்கும், கெட்டிக் காலுறையோடு வாருங்கள் என்றார். இருபத்து மூன்று வருஷமாகக் கால் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சல் வந்தது.

ஜூன் 9, திங்கள்

அல்போன்ஸ் அண்ணன் தனக்கு பூட்ஸ் வாங்கிக்கொண்டுவிட்டாராம். யார் கேட்டது?

ஜூன் 14, சனி

சாயங்காலம் போனோம். இரண்டாவது ஜோடி. கிண்ணம் மெத்தென்று இருந்தது. ஸ்க்ரூ எதிலும் படவில்லை. கடைக்குள்ளேயே பத்து நடை நடந்துவிட்டு, "தலாணியில கால வச்ச மாதிரி இருக்கு ஜான்சி" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மதியம் சாப்பிட்ட கருவாடாக இருக்கும்.

"வண்டியில உக்காந்து பாருங்க" என்றேன். வெளியே போய் உட்கார்ந்தார். பூட்ஸின் முனை தடிமன். கியர் லிவருக்கு அடியில் நுழையவில்லை.

"அது ஒண்ணுமில்ல சார். லிவர ஒரு பல்லு மேல ஏத்தி மாட்டுனா போதும்" என்றார் பெரோஸ்.

"ரெண்டு நிமிசம்" என்றார் இவர்.

"வேணாம். கியரு விழுகாட்டி நடு ரோட்டுல என்ன பண்ணுவீங்க? வேற பாப்போம்" என்றேன்.

பஸ் கியர்பாக்ஸையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டின மனுஷனிடம் போய் லிவரைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர் பூட்ஸின் வெல்க்ரோ பட்டையைப் பிரித்தார். அந்தச் சர் சர் சத்தம் வீடு வரும்வரை காதில் இருந்தது.

ஜூன் 18, புதன்

ஜூலை பதினேழு ஆடி ஒன்று. ஆடி பிறந்தால் நெடும்பயணம் கிளம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், புல்லட் எம்மாத்திரம்? ஆடி போய் ஆவணி வந்தால் மேற்கே மழை குறைந்துவிடும், பிறகு போவதற்கு அர்த்தமில்லை. இதைக் காலண்டரைப் பார்த்தபோது தற்செயலாகக் கவனித்தேன்.

ஜூன் 21, சனி

அவர் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போய் மூன்றாவது ஜோடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முழங்காலுக்குப் பாதி உயரம், பக்கத்தில் ஜிப், ஜிப்புக்குப் பின்னால் தண்ணீர் புகாமல் ஒரு தோல் மடிப்பு. முறுக்கிப் பார்த்தேன். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"தண்ணி நிக்குமான்னு தெரியலையே" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

என் வாயைத்தான் குறை சொல்ல வேண்டும். நான் காலை டூட்டிக்குப் போயிருந்தபோது மனுஷன் தண்ணீர் டெஸ்ட் பண்ணியிருக்கிறார். எப்படி? டெப்போவில் ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. இரண்டு பூட்ஸுக்குள்ளும் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றி, கொடிக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கீழே பேப்பர் விரித்து, ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"ஒரு சொட்டு வெளிய வரல பாத்துக்க!" என்று வாசலிலேயே பெருமையாகச் சொன்னார்.

பெரோஸுக்கு போன் போட்டு இவர் கையில் கொடுத்தேன். அவர் அலறியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "அய்யோ சார்! வெளிய தண்ணி, உள்ள காலு. அப்படித்தான சார் பாக்கணும்? உள்பக்கத் துணியும் பஞ்சும் நனைஞ்சா காயறதுக்கு நாலஞ்சு நாளாகும். பேப்பரச் சுருட்டித் திணிச்சு நெழல்ல வைங்க. வெயில்ல மட்டும் காட்டிராதீங்க, அடிச்சோல் பசை விட்டுப் போகும்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

பூட்ஸ் மொட்டை மாடியில் நிழலில்தான் இருந்தது. வெயில் நகர்ந்திருக்கிறது. எனக்கு மதியம் டூட்டி, அவசரத்தில் நகர்த்தி வைக்க மறந்துவிட்டேன். மதுரை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டு பூட்ஸிலும் அடிச்சோல் முனையில் வாயைப் பிளந்துவிட்டது.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பேப்பரை உருவிப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

ஜூன் 25, புதன்

எனக்கு பிரஷர் 150/90. ஊறுகாயை நிறுத்த வேண்டும்.

ஜூன் 28, சனி

நாலு நாளாகக் கோவா பேச்சே இல்லை. காலையில் வண்டியைத் துடைக்கிறார், பேப்பர் படிக்கிறார், தூங்குகிறார். நான் நினைத்தபடி நடந்துவிட்டது. நான் நினைத்தபடி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் அல்போன்ஸ் அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி, தனுஷ்கோடி என்னையத் தனியாப் போகச் சொல்லிட்டான். என்னடான்னு கேட்டா, 'ஜான்சிக்கு மனசில்லடா, வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறா, விட்டுரு'ங்கிறான். என்னம்மா, உங்களுக்குள்ள எதுவும் பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, பூட்ஸுதான் சரியா அமையல" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். அவர் நம்பவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எவ்வளவு நாளைக்குத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது? என் டைரி, யாரும் படிக்கப் போவதில்லை. இதிலேயே பொய் எழுதினால் எனக்கு விமோசனமே கிடையாது.

நான் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். பூட்ஸ் இரண்டும் வெயிலில் இருந்தன. தரை காலைப் பொசுக்கியது. நான் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு நடந்து, துணியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் விழுந்த அன்றைக்கு என் அண்ணன் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. இலை போட்டாயிற்று, தயிர் இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் நல்ல செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "பாத்ரூம் செருப்பு கெடக்குல்ல, அத மாட்டிட்டு வெருசா போயிட்டு வாங்க, ஆளு உக்காந்துருக்கு" என்று விரட்டினேன். தேய்ந்த செருப்பு. வழுக்கும் என்று எனக்குத் தெரியும், முந்தின வாரம் நானே அதில் வழுக்கியிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். டூட்டியில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார், நானே படம் எடுத்தேன். "அசையாம இருங்க" என்றேன், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்கிற மாதிரி. திரையில் அந்த எலும்பைப் பார்த்தது நான்தான். பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இரண்டு வருஷமாக இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு ஹாலுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடியில் நடந்ததை முதலில் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்தார். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் தண்ணித் தொட்டி மேல ஏறி வால்வப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ சுத்திப் போனதப் பாத்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பாத்தீங்கல்ல? எறங்கி வந்து எடுத்து வச்சிருக்கலாம்ல? இம்புட்டு ஆசையா வாங்குன பூட்ஸு!"

"திரும்பி வந்து நீ எடுப்பேன்னு பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்."

உட்கார்ந்து அழுதேன். தயிர் விஷயத்தையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர், "கிறுக்கச்சி. நீ சொன்னாலும் சொல்லாட்டியும் அந்தச் செருப்போடதான் போயிருப்பேன். வேலைக்குப் போகாத நாள்ல என்னைக்கு நான் ஷூ போட்டு வண்டி ஓட்டிருக்கேன்? தப்பு எம்மேலதான்" என்றார். பிறகு, "போக வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு ஜான்சி. போகல. மனசுல வச்சுக்க மாட்டேன். ஆனா வாயால சொல்லு. பூட்ஸ வச்சுச் சொல்லாத" என்றார்.

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "வேணாம்னு சொல்லல. பயமா இருக்கு, அம்புட்டுத்தான்."

"எனக்குந்தான்" என்றார்.

இந்த மனுஷனுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

பெரோஸ் கடை, சாயங்காலம், கெட்டிக் காலுறையோடு. வெயிலில் வைத்தது நான்தான் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். "விடுங்கக்கா" என்றார். மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

இந்தத் தடவை நிஜமாகவே தேர்ந்தெடுத்தேன். நாலு ஜோடி பார்த்தோம். ஒன்றில் கிண்ணம் அழுத்தியது. ஒன்றில் குதி மேலும் கீழும் போய் வந்தது. ஒன்று கச்சிதம், ஆனால் தண்ணீர் புகாத உறை இல்லை. நாலாவது ஜோடியில் அவர் காலை வைத்ததும் நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பிளேட் இருக்கிற இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் புழங்க இடம். விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன். குந்தி எழச் சொன்னேன். முறுக்கிப் பார்த்தேன். வண்டியில் உட்காரச் சொன்னேன். லிவரை அவரே ஸ்பேனர் வாங்கி ஒரு பல் ஏற்றி மாட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு தண்ணீர். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, கணுக்கால் முங்குகிற அளவு தண்ணீர் ஊற்றி, அதில் பூட்ஸோடு கால் மணி நேரம் நிற்க வைத்தேன். பக்கத்து டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என்னண்ணே, அக்காகிட்ட தண்டனையா?" என்று ஒருத்தர் கேட்டார். "இப்பத்தாண்டா விடுதலையே" என்றார் இவர். காலுறை காய்ந்தே இருந்தது.

ஜூலை 5, சனி

புது பூட்ஸ் பழக வேண்டும், தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று பெரோஸ் சொல்லியிருக்கிறார். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் பூட்ஸோடு நடக்க நான் விட மாட்டேன், அதில் மாற்றமில்லை. மாடியில் தொட்டியைச் சுற்றி நடக்கிறார். கீழே சோறு வடிக்கும்போது தலைக்கு மேலே தொம் தொம் என்று கேட்கிறது. கீழ்வீட்டம்மா வந்து, வீட்டில் யாரும் கட்டட வேலை செய்கிறார்களா என்று விசாரித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

அவரும் அல்போன்ஸ் அண்ணனும் போடிமெட்டு வரை சோதனைக்குப் போய் வந்தார்கள். மேலே நல்ல மழையாம். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது! மழைப் பேண்டை பூட்ஸுக்குள்ளே செருகிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள் இரண்டு புத்திசாலிகளும். தொடையில் விழுந்த மழை வழிந்து நேரே உள்ளே. தண்ணீர் புகாத பூட்ஸ், உள்ளே போனதை வெளியே மட்டும் விடுமா என்ன? "காலுக்கு ஒரு லிட்டர் தங்கச்சி" என்றார் அல்போன்ஸ் அண்ணன். பேண்டு வெளியே தொங்க வேண்டும் என்று இரண்டு பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பூட்ஸை ஃபேனுக்கு அடியில் காய வைத்தேன். இரண்டு தடவை எழுந்து போய்ப் பேப்பர் மாற்றினேன்.

ஜூலை 11, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஒரே ஒரு ஒப்பந்தம்: விழுந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. சத்தியம் வாங்கினேன். ஜிப்பை நானே இழுத்து விட்டேன்.

ஜூலை 12, சனி

பாலக்காடு தாண்டி மழை ஆரம்பமாம். கால் காய்ந்திருக்கிறதாம்.

ஜூலை 13, ஞாயிறு

ஒருத்தருக்குச் சமைப்பது பெரிய இம்சை. இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். கால் காய்ந்திருக்கிறதாம்.

ஜூலை 15, செவ்வாய்

பதினோரு மணிக்கு எக்ஸ்ரே அறையில் இருந்தேன். போன். இந்த நேரத்தில் அவர் கூப்பிட மாட்டார்.

"ஜான்சி, பதறாத. விழுந்துட்டேன்."

கர்நாடகாவில் ஆகும்பே மலைப்பாதையில் இறக்கமாம். வளைவில் பாசி. மெதுவாகத்தான் போயிருக்கிறார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டது. அல்போன்ஸ் அண்ணன் ஓடிவந்து வண்டியைத் தூக்கியிருக்கிறார்.

"எந்தக் கால்?"

"அதே காலுதான்."

வீடியோவில் வரச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், குரல் நடுங்கவில்லை. அல்போன்ஸ் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெட்டிக்கடை ஓரம், பின்னால் மழை கொட்டுகிறது. பூட்ஸின் வெளிப்பக்கத்தில், கணுக்காலுக்கு நேராகத் தோல் நீளமாகச் சிராய்ந்து உள்ளே இருக்கிற வெள்ளைக் கிண்ணம் தெரிந்தது. அந்த இடத்தில்தான் பிளேட். பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். கணுக்கால் எலும்பின் பின்பக்கத்தை விரலால் அழுத்தச் சொன்னேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"வலிக்கல."

"பொய் சொல்லக் கூடாது."

"சத்தியமா வலிக்கல. முட்டிதான் கொஞ்சம் எரியுது."

"எந்திரிச்சு நாலு அடி நடங்க."

நடந்தார். நொண்டவில்லை. வெறும் காலுறையோடு ஈரச் சிமெண்டில் போய் வந்தார். வீக்கம் இல்லை. நான் மறுபடியும் நடக்கச் சொன்னேன், மறுபடியும் நடந்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் ஈரம், அறுபது வயசு அப்படியே தெரிந்தது.

"திரும்பி வந்துரவா ஜான்சி? நீ சொல்லு. சொன்னா இப்படியே வண்டியத் திருப்பிருவேன்" என்றார்.

ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. அவரே கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார். நான் சரி என்று மட்டும் சொன்னால் போதும்.

"உங்களுக்கு வரணும்போல இருக்கா?"

தலையைத் திருப்பி மழையைப் பார்த்தார்.

"இன்னும் எத்தன நாளு இருக்கு?"

"எட்டு."

"அப்ப போங்க. இன்னைக்கு அங்கனயே ரூம் போட்டு ரெஸ்ட் எடுங்க. சாயங்காலம் வீங்குச்சுன்னா எந்த ஊரா இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்து எனக்கு அனுப்பணும். வீங்கலைன்னா நாளைக்குக் கெளம்புங்க."

அவர் தலையை ஆட்டினார். அல்போன்ஸ் அண்ணன், "தங்கச்சி, நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டது மழைச் சத்தத்தில் கேட்டது. போனை வைத்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன். வெளியே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னேன்.